எக்ஸ்பி டெஸ்க்டாப்: ஐகான் பெயருக்குப் பின்னால் நீலக் கட்டம், எடுக்க வழி தெரியவில்லை

வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்தில் எங்கள் டிடிபி கடையில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி, சர்வீஸ் பேக் 3 கணினி ஒன்று ஓடுகிறது. பென்டியம் 4, 512 எம்பி ராம், இணையம் கிடையாது. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7-இன் பழைய கோப்புகளெல்லாம் இதில்தான் இருக்கின்றன, அதனால் புதுக் கணினி வாங்கும் யோசனை இப்போதைக்கு வேண்டாம்.

தமிழ்99 விசைப்பலகைப் படத்தை வால்பேப்பராக வைத்திருக்கிறோம். தட்டச்சு பழக வரும் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் எழுத்துகளைப் பிடிக்கிறார்கள். போன மாதம் திடீரென்று கரண்ட் போய்க் கணினி அணைந்தது. சேஃப் மோடில் (அத்தியாவசிய டிரைவர்கள் மட்டும் ஓடும் நிலையில்) திறந்து, மறுபடி வழக்கம்போல் திறந்ததிலிருந்து ஒவ்வொரு ஐகான் பெயருக்கும் பின்னால் கெட்டியான நீலக் கட்டம். அடியில் இருக்கும் எழுத்துகள் மறைந்துபோகின்றன.

பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸில் ஐகான் பெயருக்கு நிழல் தரும் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். டெஸ்க்டாப் ஐட்டம்ஸில் வெப் பகுதிக்குப் போய் லாக் டிக்கையும் எடுத்தாயிற்று. ஹை கான்ட்ராஸ்ட் அணைந்தே இருக்கிறது. விண்டோஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில், அந்த நிழலுக்கான லிஸ்ட்வியூஷேடோ (ListviewShadow) மதிப்பும் சரியாக 1 தான். டெஸ்க்டாப் பின்னணி நிறத்தை மாற்றினால் கட்டத்தின் நிறமும் கூடவே மாறுகிறது, கட்டம் போகவில்லை.

அப்புறம் புதிதாக ஒரு யூசர் கணக்கு உருவாக்கிப் பார்த்தேன். அதில் கட்டமே இல்லை! ஆக, கோளாறு பழைய கணக்கின் அமைப்புகளில்தான். ஆனால் எழுத்துரு, கீபோர்டு அமைப்புகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன.

புதுக் கணக்குக்கு மாறாமல் இந்தக் கட்டத்தை எடுக்க, பழைய கணக்கில் வேறு எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?