ஸ்கூல் லீவுல ஸ்கீயிங் போறவங்க ஆடிப்பெருக்குக்கே ஆரம்பிங்க

ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வந்திருக்கேன், வலங்கைமான் பக்கம். குடமுருட்டிக் கரையில பசங்க சப்பரம் இழுத்துட்டு ஓடுதுங்க, நான் திண்ணையில உக்காந்து அடுத்த மார்ச் கடைசிக்கு ஆல்ப்ஸ் மலையில ஸ்கீயிங், அதாவது பனிச்சறுக்கு போக, ரூம் தேடிட்டு இருக்கேன். அப்பா கண்ணாடிய தூக்கிவிட்டு ஃபோன எட்டிப் பாத்துட்டு "எட்டு மாசம் கழிச்சு விழப்போற பனிக்கு இப்பவே ஏம்மா காசு கட்டுற"ன்னு கேக்குறாரு. மேட்டூர் தொறக்குறதுக்கு முன்னாடியே வெதநெல்லு வாங்கி வக்கிற மனுஷன் கேக்குற கேள்வியா இது.

மன்னார்குடி தம்பி ஒருத்தர், இங்கிலாந்து வந்து ஒரு வருஷம் கூட ஆகல, "அக்கா, பையன் கிளாஸ்ல பாதி பேரு பிப்ரவரில ஸ்கீயிங் போறாங்களாம், இவனும் கேக்குறான், ஜனவரில புக் பண்ணா போதுமா"ன்னு கேட்டாரு. போதாது தம்பி. அவருக்கு எழுத ஆரம்பிச்சது இது, புதுசா வந்தவங்க எல்லாருக்கும் ஆகும்னு நீளமாவே எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க, எந்த ஊரு, எந்த ஓட்டல்னு தேடுறதுக்கு முன்னாடி ரெண்டு நாட்டு ஸ்கூல் காலண்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கணும். இங்கிலாந்துல பிப்ரவரி ஹாஃப் டேர்ம், அதாவது டேர்ம் நடுவுல விடுற லீவு, ஒரே ஒரு வாரம், கவுன்சிலுக்கு கவுன்சில் கொஞ்சம் மாறினாலும் முக்காவாசி நாட்டுக்கு அதே வாரம்தான், அதனால தீபாவளிக்கு முந்தின நாள் உழவன் எக்ஸ்பிரஸ் மாதிரி ஆயிடும். பிரான்ஸ்காரன் கொஞ்சம் யோசிச்சு செய்றான். நம்ம ஊர்ல தண்ணி பத்தாத வருஷம் வெண்ணாத்துக்கு கொஞ்ச நாள், காவேரிக்கு கொஞ்ச நாள்னு முறை வச்சு விடுவாங்கல்ல, அதே கணக்குல நாட்டை ஏ, பி, சி-ன்னு மூணு ஸோனா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வாரம், ஆரம்பத்த ஒரு வாரம் தள்ளித் தள்ளி வச்சு லீவு விடுறான். 2026-ஐயே எடுத்துக்கங்க, ஏ ஸோன் பிப்ரவரி 7-ல ஆரம்பிச்சுது, பி ஸோன் 14-ல, பாரிஸ் இருக்குற சி ஸோன் 21-ல. நம்ம பெரும்பாலான ஸ்கூல்களுக்கு லீவு 16-லேந்து 20. அதாவது ஏ ஸோன் லியோன்காரனும் பி ஸோன் லில்காரனும் மலையில இருக்குற அதே வாரத்துல நாமளும் போய் நின்னோம், பாரிஸ் இருக்குற சி ஸோன்காரன் மட்டும்தான் அப்ப இல்ல. இந்த முறை வருஷா வருஷம் மாறும், அதனால போன வருஷம் ஃப்ரெண்டு சொன்னத நம்பாம நீங்களே பாருங்க. ஆஸ்திரியாவும் இப்படித்தான், மாகாணம் மாகாணமா தள்ளித் தள்ளி விடுறாங்க.

சரி, ஸ்கூலுக்கு ஒரு வாரம் மட்டம் போட்டுட்டு கூட்டம் இல்லாதப்ப போயிடலாமேன்னு எல்லாருக்கும் தோணும், எனக்கும் தோணுச்சு. இங்கிலாந்துல அஞ்சு நாள் அனுமதி இல்லாம லீவு எடுத்தா அபராதம் வரும், அதுவும் ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு, 21 நாளுக்குள்ள கட்டலன்னா 160. ரெண்டு பிள்ளை, அப்பா அம்மா ரெண்டு பேருன்னா 320 பவுண்டு. சில பேரு அதையும் டிக்கெட் செலவோட சேத்து கணக்கு போட்டு இன்னும் லாபம்தான்னு போறாங்க, அது அவங்க விருப்பம், ஆனா மூணு வருஷத்துல ரெண்டாவது தடவ ஆனா நேரா 160, மூணாவது தடவ அபராதம் கூட இல்ல, கேஸு வரைக்கும் போகலாம். விசாவுல இருக்குறவங்க அந்த வம்புக்கே போகாதீங்கங்குறது என் கருத்து.

அதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி ஈஸ்டர். 2027-ல ஈஸ்டர் மார்ச் 28, அத ஒட்டி ரெண்டு வாரம் லீவு, எல்லாரும் ஒரே வாரத்துல முட்டிக்க வேணாம். தாழ்வான ஊர்ல பனி உருகி புல்லு தெரிய ஆரம்பிச்சிருக்கும், அதனால உயரம் பாத்து எடுக்கணும், பிரான்ஸ்ல வால் தோரென்ஸ் 2300 மீட்டர், டின்யே 2100, ஆஸ்திரியாவுல ஓபர்குர்கிள் 1930, இந்த மாதிரி. பகல் நீளம், வெயில் அடிக்கும், முதல் தடவ போற நம்ம ஆளுங்களுக்கு மைனஸ் பதினஞ்சுல விரல் விறைச்சு அழுதுட்டே கத்துக்குறத விட இது எவ்வளவோ மேல். மத்தியானம் பனி கொழகொழன்னு நாத்தங்கால் சேறு மாதிரி ஆயிடும், காலையிலயே போயிட்டு வந்துரணும், அவ்வளவுதான்.

இப்ப விசா. இத தனியா சொல்றேன் ஏன்னா நான் இதுலதான் மாட்டினேன். இங்கிலாந்துல இருக்குற இந்திய பாஸ்போர்ட்காரங்களுக்கு பிரான்ஸ், ஆஸ்திரியா, சுவிஸ் எதுக்கு போனாலும் ஷெங்கன் விசா (ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேத்து ஒரே விசா) வேணும், இது பாதி பேருக்கு ஃபிளைட் புக் பண்ணதுக்கு அப்புறம்தான் தெரியுது. நாங்க முதல் வருஷம் நவம்பர்ல தங்குற எடத்துக்கு அட்வான்ஸ் கட்டிட்டு சாவகாசமா டிசம்பர்ல அப்பாயின்ட்மென்ட் தேடினா மார்ச் வரைக்கும் ஒரு ஸ்லாட்டும் இல்ல, ராத்திரி பன்னெண்டு மணிக்கு எழுந்து எழுந்து ரிஃப்ரெஷ் பண்ணி பாத்தோம், கடைசில அட்வான்ஸும் போச்சு. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், அதனால மார்ச் கடைசி பயணம்னா செப்டம்பர் கடைசில உக்காருங்க. எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் அப்ளை பண்ணணும், ஜெனிவாவுல எறங்குறதால சுவிஸ் விசான்னு நினைக்காதீங்க, தங்குறது பிரான்ஸ்னா பிரான்ஸ் விசா. ஃபீஸ் பெரியவங்களுக்கு 90 யூரோ, 6-லேந்து 11 வயசு வரைக்கும் 45, அதுக்கு கீழ இல்ல. ஜெர்மனி, நெதர்லாந்துல ரெசிடென்ஸ் கார்டோட இருக்குறவங்களுக்கு இந்த தலைவலி கிடையாது, கொடுத்து வச்சவங்க.

அடுத்தது, ரூமுக்கு முன்னாடி பிள்ளைங்களோட ஸ்கீ ஸ்கூல்ல எடம் இருக்கான்னு பாருங்க. லீவு வாரத்துல மொதல்ல தீர்ந்துபோறது அதுதான், ரூம் எங்கயாவது கெடைக்கும், ஆனா காலை நேர பிகினர் குரூப் கெடைக்காது, அப்புறம் மத்தியானம் சோறு தின்னுட்டு தூங்குற நேரத்துல அஞ்சு வயசு பிள்ளைய பூட்ஸ் மாட்டி இழுத்துட்டு போகணும். வீட்டுக்காரர் சொல்லித்தருவாருன்னு மட்டும் நினைக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு சின்ன வயசுல கொள்ளிடக் கரையில பனமட்டையில சறுக்கினவரு, அந்த தெம்புல முதல் நாளே கிளாஸ் வேணாம்னுட்டாரு, பதினோரு மணிக்குள்ள வேலியில போய் சாஞ்சு நின்னாரு. நம்மளது தட்டையான ஊரு, நமக்கு மேடுன்னா ஆத்தங்கரை, பள்ளம்னா படித்துறை. பெரியவங்களுக்கும் மூணு நாளாவது கிளாஸ் போடுங்க. லிஃப்ட் பாஸ், அதாவது மலை மேல ஏத்திவிடுற லிஃப்டுக்கான டிக்கெட், மொத்த மலைக்கும் ஆறு நாளைக்கு வாங்காதீங்க, மொத ரெண்டு மூணு நாள் பிகினர் ஏரியா பாஸே போதும், சில ஊர்ல அந்த சின்ன லிஃப்ட் ஃப்ரீயாவே இருக்கும், அஞ்சு வயசுக்கு கீழ பல எடத்துல காசே இல்ல.

துணிமணி பெருசா ஒண்ணும் இல்ல, ஜாக்கெட், பேன்ட் எல்லாம் கடன் வாங்குங்க, பிள்ளைங்களுக்கு அடுத்த வருஷம் பத்தாது. ஒரே ஒரு விஷயம், சாக்ஸ் ஒரு ஜோடிதான். குளிருதேன்னு மூணு மாட்டினா பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் நின்னு இன்னும்தான் விறைக்கும். உள்ள காட்டன் பனியன் வேணாம், வேர்வையில ஈரமாயி முதுகுலயே ஒட்டிக்கும்.

சாப்பாட்டுக்கு வர்றேன், இதுல நமக்கு அனுபவம் ஜாஸ்தி. சமையல் வசதி உள்ள அபார்ட்மென்ட் எடுங்க, மலை மேல ஓட்டல்ல நாலு பேரு சாப்புட்டா ஊர்ல ஒரு பந்தி போடலாம். 2300 மீட்டர்ல தண்ணி 92 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுரும், அதனால சும்மா சட்டியில வச்ச பருப்பு லேசுல வேகாது, குட்டி குக்கர் ஒண்ணு கொண்டுபோங்க, அதுவும் இண்டக்ஷன்ல வேலை செய்றதா, அலுமினிய குக்கர தூக்கிட்டு போயி அடுப்பு கண்டுக்காம நான் முழிச்சது போதும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அரிசி தாராளமா போகலாம். ஆனா பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் இங்கிலாந்துலேந்து ஐரோப்பாவுக்குள்ள கறி, பால் சம்பந்தப்பட்டது எதுவும் கொண்டுபோகக் கூடாது, தயிர் நெய் எல்லாம் அங்க போயி வாங்கிக்கங்க.

சொந்த கார்ல போறவங்க, பிரான்ஸ் மலைப்பகுதியில நவம்பர் 1-லேந்து மார்ச் 31 வரைக்கும் விண்டர் டயரோ, பனியில வழுக்காம இருக்க டயருல மாட்டுற செயினோ கட்டாயம். சனிக்கிழம மட்டும் ரோட்டுல எறங்காதீங்க, முக்காவாசி ரூம்ல ஆளு சனிக்கு சனிதான் மாறும். ஞாயித்துக்கெழம மாறுற எடம் கெடைச்சா கண்ண மூடிட்டு எடுங்க.

இவ்வளவும் டைப் பண்ணிட்டு இருக்கறப்ப அப்பா காப்பிய வச்சுட்டு "சரி, விழுந்தா யாரு தூக்குவா"ன்னு கேட்டாரு. நல்ல கேள்வி. இங்கிலாந்துல குடுக்குற GHIC ஹெல்த் கார்டு ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கு ஓரளவு ஆகும், மலையிலேந்து தூக்கிட்டு வர்ற செலவுக்கு ஆகாது. டிராவல் இன்சூரன்ஸ்ல விண்டர் ஸ்போர்ட்ஸ்னு தனியா சேத்தாதான் உண்டு, வாங்கின அன்னிக்கே அந்த வரி இருக்கான்னு படிச்சுருங்க. பிரான்ஸ்ல லிஃப்ட் பாஸோடவே நாள் கணக்குல இன்சூரன்ஸ் சேத்துக்கலாம், இத்தாலி போனா அடுத்தவங்க மேல மோதினா கட்டுறதுக்கான இன்சூரன்ஸ் கட்டாயம். அவசரத்துக்கு ஐரோப்பா முழுக்க 112. ஹெலிகாப்டர் வந்து தூக்கிட்டு போகும்பான்னு அப்பாகிட்ட சொன்னேன். ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு, "அதுக்கும் சேத்துதான் இப்ப காசு கட்டுறியா"ன்னாரு.