புதுப்பிப்பு: குற்றாலத்துல மாடி ரூமை நாள் வாடகைக்கு விடுறது

சாரல் சீசன்ல எங்க வீட்டு மாடி ரூமை நாள் வாடகைக்கு விட என்ன விதின்னு முன்னாடி கேட்டிருந்தேன்லா, விசாரிச்சதை எழுதுதேன்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட ஹோம்ஸ்டே திட்டத்துல பதியணும்னா ஆறு ரூம், 12 கட்டிலுக்கு மேல கூடாது. முக்கியமா, வீட்டுக்காரங்க குடும்பத்தோட அதே வீட்டுல குடியிருக்கணும். எங்க அம்மாவும் அப்பாவும் கீழ்வீட்டுலதான் இருக்காங்க. இந்த விதி ரொம்ப நியாயம்னு நினைக்கேன். பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுச் சொந்தக்காரர் வெளியூர்ல. சீசன் வந்தா நடுராத்திரி வரைக்கும் ஸ்பீக்கர் அலறும், விடிஞ்சா வாசல்ல பாட்டில் கிடக்கும், போய்க் கேட்டா பதில் சொல்ல ஆளே கிடையாது.

வெளிநாட்டுக்காரங்க தங்கினா, வந்த 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை ஆன்லைன்ல அரசுக்கு ஏத்தணும். வீடு சின்னதுன்னு விலக்கு இல்ல.

"இந்த விதியெல்லாம் கடைப்பிடிக்கோமான்னு யாரு பாக்கா?"ன்னு என் கேள்விக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தாரு. தங்குறவங்க கூடி செப்டிக் டேங்க் நிறைஞ்சு வழிஞ்சா அந்தத் தண்ணி சிற்றாத்துலதான் சேரும்; கீழ இருக்க ஊரெல்லாம் பாக்கும். அதனால முதல்ல டேங்கைப் பெருசாக்குதோம்.

சொத்து வரி வணிகக் கணக்குக்கு மாறுமான்னு பேரூராட்சியில மனு குடுத்திருக்கோம். பதில் வந்ததும் இங்கயே போடுதேன்.