வாயுவில் எது எவ்வளவு என்று அளக்கும் அனலைசர், அதன் பேனல் முன்னாடி உங்களுக்கு நடந்தது என்ன?

பீன்யாக்காரன்:
சென்னையில் ஸ்பான் போட்டு (தெரிந்த அளவுள்ள வாயுவை விட்டு மேல் அளவைச் சரிசெய்து), சர்டிபிகேட்டோடு வந்த ஆக்ஸிஜன் அனலைசர். ஆக்ஸிஜனுக்கு ஏற்ப மின்சாரம் தரும் கால்வானிக் செல். பெங்களூரு பீன்யாவில் ஒரு கம்பெனி லேபில் இறக்கி, வார்ம்-அப் முடிந்து, செலக்டரை சாம்பிளுக்குத் திருப்பினால் 20.9 சதவீதம் காட்ட வேண்டிய சும்மா அறைக் காற்றுக்கே 18.8 காட்டுகிறது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர், காற்றழுத்தம் குறைவு, செல் பார்ப்பது ஆக்ஸிஜனின் பங்கு அழுத்தத்தை, அதாவது பகுதி அழுத்தத்தை, வேறு எப்படிக் காட்டும்? ஸ்பானை 20.9-க்கு ஏற்றினால் முடிந்தது வேலை. நாபின் பூட்டைத் தளர்த்தக் கை வைத்தேன், தரம் பார்க்கும் க்யூஏ மேனேஜர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். நிஜமாகவே பிடித்தார்! "தொட்டா சர்டிபிகேட் போச்சு." எதற்கெடுத்தாலும் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க) என்கிற ஊரில், அட்ஜஸ்ட் பண்ணவே வைத்த நாபைத் தொட விடவில்லை. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

லேப்_ராத்திரி:
பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீங்க அண்ணே. சவ்வு வகை செல்தான் அப்படி இறங்கும். நுண்துளை வழியாகக் காற்று போகும் வகை உயரத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. மேனேஜர் அதை மனதில் வைத்திருக்கலாம்.

என் கதை, காட்டும் எண்ணை அப்படியே நிறுத்திவைக்கும் ஹோல்ட் பட்டன். கையுறை வழியே கைவிட்டு வேலை செய்யும் மூடிய பெட்டியான குளோவ் பாக்ஸுக்கு நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்கிறது, டிஸ்ப்ளே 20.9-ஐ விட்டு அசையவில்லை. கசிவு என்று ஆளாளுக்கு சோப்புத் தண்ணீர் பூசினார்கள். பேனல் மூலையில் மிளகு அளவு மஞ்சள் விளக்கு. முந்தின ஷிஃப்ட் ஆள் ஹோல்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர், அப்படியே வீட்டுக்குப் போயிருக்கிறார்.

பழைய_கருவி:
என்னுடையது சின்னது: ஈரம் உள்ளே போய், அகச்சிவப்புக் கதிரால் வாயுவை அளக்கும் ஐஆர் செல் பாழானது, அவ்வளவுதான். ஆனால் தம்பிகளா, கேளுங்க. முதலில் ஜீரோ (அளக்கும் வாயு இல்லாதபோது பூஜ்யம் காட்ட வைப்பது), பிறகுதான் ஸ்பான், அப்புறம் மறுபடி ஜீரோ பாருங்க. ஸ்பான் போடும்போது வாயு ஓடும் வேகத்தைக் காட்டும் ரோட்டாமீட்டர் குண்டு எங்கே நிற்கிறதோ, சாம்பிளிலும் அங்கேயே நிற்க வேண்டும். ஜீரோவுக்கு நைட்ரஜன், அறைக் காற்று வேண்டாம், கார்பன் டை ஆக்ஸைடு பார்க்கிற மெஷின் என்றால் கண்டிப்பாக வேண்டாம். ஸ்டாண்ட்பைக்குப் போகும் முன் பர்ஜ் விடுங்க, அதாவது உலர்ந்த வாயுவை விட்டுக் குழாயைச் சுத்தம் பண்ணுங்க, இல்லாவிட்டால் குழாயில் நிற்கும் ஈரம் செல்லுக்குள் போகும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் வாட்டர் டிராப்பைத் தினமும் வடியுங்க. ரேஞ்சை மாற்றினால் அந்த ரேஞ்சிலும் ஸ்பான் சரிபாருங்க. வாயு வெளியேறும் வென்ட் குழாயை யாரும் மிதிக்காமல்...

பீன்யாக்காரன்:
சார், ஸ்டிக்கர் ஒட்டினது அவங்க. எனக்கு ஏன் பாடம்?

நாக்ஸ்_அக்கா:
சண்டை வேண்டாம், என்னுடையதையும் கேளுங்க. எஞ்சின் லேபில் ஒரு மாணவன், நைட்ரஜன் டை ஆக்ஸைடு சுத்தமாகப் பூஜ்யம் என்று கிராஃபோடு வந்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு. நாக்ஸிலிருந்து (நைட்ரஜன் ஆக்ஸைடுகளின் மொத்தம்) என்ஓவைக் (நைட்ரிக் ஆக்ஸைடு) கழித்தால் வருவதுதானே அது? நைட்ரஜன் டை ஆக்ஸைடை என்ஓவாக மாற்றும் கன்வர்ட்டரின் வெப்பம் காட்டும் பக்கத்துக்கு பேனலைத் தள்ளினேன். 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டியது 31-இல் நின்றது. "அப்போ என் கண்டுபிடிப்பு?" என்று கேட்டான் பாருங்க. ஹீட்டர் ஃபியூஸை அவன் கையிலேயே கொடுத்து மாற்றச் சொன்னேன்.