புதுப்பிப்பு: தைராய்டு மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்றால்

தைராய்டு குறைவுக்குத் தரப்படும் லெவோதைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள், ஒரு மாதத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) மறுபரிசோதனை செய்யுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம், சில சேர்க்கைகள்.

ஒரு மாதத்தில் மறுபரிசோதனை என்றது அவசரம். இந்த மருந்தின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் காலம், சுமார் 7 நாள். ரத்தத்தில் அதன் அளவு நிலைப்பட்டு, அதற்கேற்ப டி.எஸ்.எச். சுரக்கும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியும் அடங்க 6 முதல் 8 வாரம் ஆகும். அதற்குள் எடுத்த டி.எஸ்.எச். அளவை நம்பி டோஸை ஏற்றினால், பிறகு படபடப்பும் தூக்கமின்மையும்தான் மிச்சம்.

டோஸ் சரியாக இருந்தும் எண் இறங்காவிட்டால், முதல் சந்தேகம் கால்சியம், இரும்பு மாத்திரைகள் மேல். இவை குடலிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும். 4 மணி நேர இடைவெளி வேண்டும். மல்டிவிட்டமினிலும் இரண்டும் ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். காபிக்கும் காலை உணவுக்கும் அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் பொறுங்கள். காலையில் தோதுப்படாதவர்கள், கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து இரவில் போடலாம்.

முடி உதிர்கிறதென்று பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) எடுப்பவர்கள் கவனிக்க: அது தைராய்டைக் கெடுப்பதில்லை, சில ஆய்வக முறைகளைத்தான் ஏமாற்றுகிறது. டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து தெரியும். பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள்.

கர்ப்பம் உறுதியானால் அடுத்த பரிசோதனைவரை காத்திருக்காதீர்கள். டோஸ் பெரும்பாலும் கூட வேண்டியிருக்கும். அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.