மனைவிக்கு வேலை போயிருச்சு, சர்ச்ல சொல்லலாமா வேண்டாமா?

நாகர்கோவில்_தம்பி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்கிலாந்துல லெஸ்டருக்கு வந்து ஏழு மாசம் ஆகுது. ஒய்ஃப் வேலை பாத்த இடத்துல ஸ்பான்சர் லைசென்ஸ் (வெளிநாட்டு ஆளுங்கள வேலைக்கு எடுக்க அரசு குடுக்குற அனுமதி) போயிருச்சுன்னு போன வாரம் சொல்லிட்டாங்க. 60 நாள்ல நாட்ட விட்டே போகணுமாமே, ராத்திரி தூக்கமே இல்ல. நகைய அடகு வச்சுதான் வந்தோம், பாப்பாவுக்கு ஆறு வயசு. ஞாயித்துக்கிழமை தமிழ் ஃபெலோஷிப் போறோம், அங்க சொல்லலாமா? ஊர்ல தெரிஞ்சா மாமனார் தாங்க மாட்டாரு.

குராய்டன்_அக்கா:
தம்பி, நான் வந்தது 2010 டிசம்பர், ஒரே பனி, மூணு மாசம் வேலை இல்ல, ஒரு ரூம்ல நாலு பேரு, ஹீட்டர் போடக் காசில்லாம கோட்டோட தூங்குவோம். அப்போ சபையில ஒரு பெரியம்மா ஆராதனை முடிஞ்சு டப்பால சோறும் குழம்பும் கையில குடுத்துருவாங்க, யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஊர்ல சமைக்கும்போது பிடி அரிசி எடுத்து வைப்போமே, அந்த மனசு. கண்டிப்பா சொல்லு.

பாளை_அண்ணாச்சி:
சொல்லாதீங்க. ஜெபக்குறிப்புல காலைல சொன்னா சாயங்காலம் வாட்ஸ்அப்ல ஊருக்கே போயிரும், எங்க வீட்ல அதுதான் நடந்துச்சு. அது மட்டுமில்ல, கூட ஜெபிச்ச ஒருத்தரே ஸ்பான்சர் வாங்கித் தர்றேன்னு பணம் கேட்டாரு, நம்பிக் குடுத்தோம், இன்னும் வரல. 60 நாளும் வேலை போன அன்னைக்கே ஆரம்பிச்சிரும், டிக்கெட்டப் பாருங்க.

ஈஸ்ட்ஹாம்_பிரதர்:
அண்ணாச்சி சொல்றது உண்மைதான். ஒரே ஊர்ல மூணு தமிழ் ஐக்கியம், ஒருத்தர் வீட்டு துக்கத்துக்கு இன்னொருத்தர் போறதில்ல. காணிக்கை கவர் மட்டும் கரெக்டா வந்துரும்.

குராய்டன்_அக்கா:
எல்லா சபையும் அப்படி இல்ல பிரதர். எனக்கு சோறு போட்டதும் ஒரு சபைதான்.

நர்ஸ்_மேரி:
அந்தப் பையன் பயந்துபோய் கேட்டுட்டு நிக்கிறான், நாம சபைக் கதை பேசிட்டு இருக்கோம். தம்பி, ஒய்ஃப் நர்ஸா கேரரா? ஹோம் ஆபீஸ்ல (விசாவப் பாக்குற அரசுத் துறை) இருந்து லெட்டர் வந்துச்சா? அண்ணாச்சி, பொதுவா அந்த லெட்டர் வந்த பிறகுதான் 60 நாள் கணக்கு. அதுக்குள்ள புது ஸ்பான்சரோட விசாவுக்கு அப்ளை பண்ணிட்டா போதும், முடிவு வரணும்னு இல்ல. ஆனா விசா கைக்கு வர்ற வரைக்கும் புது வேலைல சேரக்கூடாது. ஸ்பான்சர் சர்டிபிகேட்டுக்கு (விசாவுக்காக முதலாளி குடுக்குற சான்று) யாரு காசு கேட்டாலும் குடுக்காதீங்க, அந்தச் செலவு முதலாளியோடது.

நாகர்கோவில்_தம்பி:
நர்ஸ்தான் அக்கா, பின் நம்பர் (இங்க நர்ஸா பதிவு பண்ணின நம்பர்) வந்துருச்சு. லெட்டர் இன்னும் வரல. 5ஆம் தேதி வாடகை, கையில 300 பவுண்டுதான் இருக்கு.

நர்ஸ்_மேரி:
பின் நம்பர் இருக்கா! இத மொதல்லயே சொல்லிருக்கலாமே. இன்னைக்கே என்ஹெச்எஸ் ஜாப்ஸ்ல (அரசு மருத்துவமனை வேலைக்கான வெப்சைட்) அப்ளிகேஷன் போடச் சொல்லுங்க. லெட்டர் பெரும்பாலும் மெயில்லதான் வரும், ஸ்பாம் ஃபோல்டரையும் தினமும் பாருங்க. வீட்டு ஓனர்கிட்ட 5ஆம் தேதிக்கு முன்னாடியே பேசுங்க, தேதி தாண்டிப் பேசினா கோபம்தான் வரும். சாப்பாட்டுக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ்ல (இலவச ஆலோசனை மையம்) ஃபுட் பேங்க் வவுச்சர் கேளுங்க, அது பப்ளிக் ஃபண்ட்ஸ்ல (விசால இருக்கிறவங்க வாங்கக் கூடாத அரசு உதவி) வராது, விசாவுக்குப் பயப்பட வேணாம். பாப்பாவுக்கு இயர் டூ (ஆறேழு வயசு வகுப்பு) வரைக்கும் ஸ்கூல்ல மதியச் சாப்பாடு இலவசம்.

சர்ச் விஷயம், அண்ணாச்சி சொன்ன மாதிரி மைக்ல சொல்ல வேணாம். போதகர தனியாப் பாத்து, வெறும "ஜெபம் பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லாம, வாடகைக்கு இவ்வளவு குறையுது, ரெண்டு பேரும் இன்டர்வியூ, வேலைன்னு ஓடினா பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூப்பிட ஆள் வேணும்னு ஒன்னொன்னா கேளுங்க. என்ன வேணும்னு தெரியாமத்தான் பல பேரு சும்மா இருந்துர்றாங்க. நாகர்கோவில்னா சிஎஸ்ஐயா இருப்பீங்கன்னு நினைக்கிறேன். ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் சபைகளெல்லாம் சேந்து 1947ல உருவானதுதானே நம்ம சபை, அதனால பக்கத்துத் தெரு சர்ச் ஆஃப் இங்கிலாந்தும் (அது ஆங்கிலிக்கன் சபைதான்) உங்களுக்கு அந்நியம் இல்ல. அங்க ஊர்ப் பேச்சும் வராது.

பாளை_அண்ணாச்சி:
60 நாள் கணக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க தம்பி. நான் பக்கத்துல லஃப்பரோலதான் இருக்கேன். சனிக்கிழமை அரிசி மூட்டையோட வர்றேன், தனி மெசேஜ்ல அட்ரஸ் போடுங்க.