பி/இ 12 என்றால் கடன் கம்பெனிப் பங்கு மலிவா?

முத்தியால்பேட்டை:
வணக்கம். செல்போன், ஃப்ரிட்ஜ், பைக்குக்குத் தவணைக் கடன் தரும் ஒரு கம்பெனியின் பங்கு 600 ரூபாய். ஒரு பங்குக்கு வருட லாபம் 50. அப்படியென்றால் பி/இ, அதாவது விலையை ஒரு பங்கு லாபத்தால் வகுத்தால் வருவது, 12. பஜாஜ் ஃபைனான்ஸ் போன்றவற்றுக்கு இதைவிட எவ்வளவோ அதிகம். நேரு வீதிக் கடைகளில் பார்த்தால் ஆளாளுக்குத் தவணையில்தான் வாங்குகிறார்கள், வியாபாரம் குறையும் என்று தோன்றவில்லை. சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது. போடலாமா?

வில்லியனூர்:
சோப்பு, ஐடி கம்பெனிகளுக்குப் பார்ப்பதுபோல இதற்கு பி/இ மட்டும் பார்க்க முடியாது. புத்தக மதிப்பு, அதாவது சொத்தில் கடன் போக ஒரு பங்குக்கு மிஞ்சுவது, எவ்வளவு?

திருப்பாப்புலியூர்:
தம்பி, கடலூரில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வசூல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த 50 ரூபாய் எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். சோப்பு விற்றால் காசு கைக்கு வந்துவிடும். கடன் கொடுத்தால், எவ்வளவு திரும்பாது என்று கம்பெனியே மதிப்பிட்டு ஒரு தொகையை ஒதுக்கி, மிச்சத்தை லாபம் என்று எழுதுகிறது. ஒதுக்கீட்டைக் கொஞ்சம் குறைத்தால் லாபம் கூடும், பி/இ இறங்கும், பங்கு மலிவாகத் தெரியும்.

கணக்காகவே சொல்கிறேன். மொத்தக் கடன் 10,000 கோடி, லாபம் 300 கோடி, பங்குகள் 6 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடனில் 1 சதவீதம் கூடுதலாக வராமல் போனால் 100 கோடி. வரி போக லாபத்தில் சுமார் 75 கோடி அடிபடும். 50 ரூபாய் 37.50 ஆகிவிடும். விலை மாறாமலே உங்கள் 12, 16 ஆகிறது. வெறும் ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு!

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தவணை கேட்டுப் போனால் தோப்பே இல்லை, அந்த சனங்களிடம் என்ன கேட்பது? அப்போது என்பிஎஃப்சி (வங்கியல்லாத நிதி நிறுவன) கடன்களுக்கு ஆறு மாதம் நிலுவை நின்றால்தான் வாராக்கடன். அதனால் மார்ச் கணக்கில் அது தெரியவே இல்லை. களத்தில் எங்களுக்கு ஜனவரியிலேயே தெரியும். இப்போது 90 நாள்தான் கெடு, நல்ல மாற்றம். ஆனாலும் லாபக் கணக்கு களத்துக்குப் பின்னால்தான் வரும்.

இன்னொன்று, வேகமாக வளரும் கம்பெனியில் புதுக் கடன்கள் நிறைய. புதுக் கடனில் முதல் சில தவணை ஒழுங்காகவே வரும். அதனால் வாராக்கடன் சதவீதம் சின்னதாகத் தெரியும். வளர்ச்சி நின்ற பிறகுதான் உண்மை வெளியே வரும்.

முத்தியால்பேட்டை:
நன்றி ஐயா. புத்தக மதிப்பு 333 ரூபாய் போட்டிருக்கிறது.

வில்லியனூர்:
அப்போது பி/பி, அதாவது விலையைப் புத்தக மதிப்பால் வகுத்தது, 1.8. மூலதனத்தின் மீது லாபம் (333-க்கு 50) 15 சதவீதம். அந்த 15 நிலைக்குமானால் விலை மோசமில்லை. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, அடமானமில்லாத நுகர்வோர் கடன்களுக்கு எவ்வளவு மூலதனம் வைக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் ரிஸ்க் வெயிட்டை 100-லிருந்து 125 சதவீதமாக்கியது. அதே கடனுக்குக் கூடுதல் மூலதனம் வேண்டும். கம்பெனி புதுப் பங்கு வெளியிட்டால் லாபம் அத்தனை பேருக்கும் பங்காகும், அதையும் கவனியுங்கள்.

திருப்பாப்புலியூர்:
காலாண்டு அறிக்கையில் ‘ஸ்டேஜ் 2’ என்று இருக்கும், பொதுவாக 30 நாளுக்கு மேல், 90 நாள் வரை நிலுவையில் உள்ளவை. அதோடு அந்த வருடம் தள்ளுபடி செய்த தொகையையும் கூட்டி, நாலைந்து வருடத்துக்கு வரிசையாக எழுதுங்கள். மொத்தக் கடனைவிட வேகமாக அது ஏறியிருந்தால், சீட்டுப் பணத்தை இதில் போட வேண்டாம். எழுதிவிட்டு இங்கே போடுங்கள், நானும் பார்க்கிறேன்.