நாலு வயசுப் பையனுக்குத் தொண்டை வலி, கற்பூரவல்லி குடுத்தா வாந்தி

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
ரெண்டு நாளா தொண்டை வலி, மூக்கு ஒழுகுது, லேசா இருமல். காய்ச்சல் இல்லை. கற்பூரவல்லிச் சாறு உள்ளே போனதும் கக்கிடறான். உப்புத் தண்ணி கொப்பளிக்க வைக்கலாமா?

பதில் (லாஸ்பேட்டை):
பச்சைச் சாறு காரம், அதான் குமட்டுது. ரெண்டு இலையைத் தணல்ல வாட்டிப் பிழிங்க. கால் டீஸ்பூன் சாறு போதும், அரை டீஸ்பூன் தேன்ல குழைச்சு நாக்குல தடவுங்க. வெறும் வயித்துல வேணாம். கொப்பளிக்கிறது ஆறு வயசுக்கு மேலதான், இவன் முழுங்கிடுவான். வெதுவெதுன்னு கஞ்சித்தண்ணி அடிக்கடி குடுங்க.

பதில் (முத்தியால்பேட்டை):
வீட்டுல ஒரு வயசு ஆகாத குழந்தை இருந்தா அந்தத் தேன் ஸ்பூன் அது வாய்க்குப் போகக் கூடாது. தேன்ல இருக்கக்கூடிய கிருமி வித்து கைக்குழந்தை குடல்ல முளைச்சு நஞ்சு உண்டாக்கும். காய்ச்சினாலும் சாகாது.

பதில் (திருப்பாதிரிப்புலியூர்):
சளி, இருமல் கூட இருக்கிறதால பெரும்பாலும் வைரஸ்தான். இருமலே இல்லாம காய்ச்சல், கழுத்துல நெறி, தொண்டைல வெள்ளைத் திட்டு வந்தா கை வைத்தியத்தை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. அது ஸ்ட்ரெப்ங்கிற பாக்டீரியாக் கிருமியா இருக்கலாம், அதை விட்டுவெச்சா பின்னாடி இதய வால்வைக் கெடுக்கலாம். எச்சில் முழுங்க முடியாம ஒழுகினா, மூச்சு இழுத்தா, டார்ச் அடிச்சுப் பார்க்கக்கூட நிக்காதீங்க. உட்கார்ந்தபடியே தூக்கிட்டு அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க.